வரிசையில் நின்று விளையாடவும்

பூங்காத் தளபதி என்றொரு ரகம் உண்டு. சாதாரண நாட்களில் இவரை அடையாளம் கண்டுபிடிப்பது கஷ்டம். ஆபீசில் கணக்குப் பார்ப்பார், சந்தையில் வெங்காயம் பொறுக்குவார், ஞாயிற்றுக்கிழமை சர்ச்சில் கண்ணை மூடி நிற்பார். எல்லாரையும் போல இரண்டு கை, இரண்டு கால். ஆனால் இவர் பொறுப்பில் நாலு சின்னப் பிள்ளைகளைக் கொடுத்து, ஒரு பெரிய பூங்காவின் வாசலில் கொண்டுபோய் நிறுத்திப் பாருங்கள். முதுகு நிமிரும், குரல் தடிக்கும், ஆள்காட்டி விரல் தானாக நீளும், ஒரு தோளில் பையும் மறு தோளில் தண்ணீர் பாட்டிலும் குறுக்கே மாட்டிக்கொண்டு, பிள்ளைகளை ஒருமுறை மேலிருந்து கீழ்வரை பார்த்துவிட்டு, "எல்லாரும் ஜாலியா இருக்கோணும், புரியுதா?" என்று ஓர் உத்தரவு போடுவார்.

அதோடு ஜாலி செத்தது.

இந்த ரகத்தில் கலப்படமில்லாத உருப்படி வேண்டுமென்றால் ஏற்காட்டு மலையில் வெள்ளக்கடைப் பக்கம் போக வேண்டும். அங்கே ஒரு காப்பி எஸ்டேட்டில் ரைட்டராக இருக்கிறார் பாக்கியநாதன். தினமும் காலையில் பனியில் நிற்கும் ஆட்களைப் பெயர் சொல்லிக் கூப்பிட்டு, யார் பழம் பறிக்க, யார் களை வெட்ட, யார் மருந்தடிக்க என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. அந்தக் குரலுக்கு மலைச்சரிவே எழுந்து நிற்கும். ஊட்டுக்குள் மட்டும் அந்தக் குரல் எடுபடாது. மனைவி ஜெயமேரி அடுப்படியிலிருந்து ஒருமுறை திரும்பிப் பார்த்தால் போதும், சரிவு பழையபடி உட்கார்ந்துகொள்ளும். ஆகவே அவருக்கென்று ஒரு படை தேவைப்பட்டது. கோடை விடுமுறை அதைக் கொண்டுவந்து கொடுத்தது.

செம்மநத்தத்தில் இருக்கும் ஜெயமேரியின் தங்கை ஈவ்லின், தன் பிள்ளைகள் மரியாவையும் ஆசிரையும் விடுமுறைக்கு அக்கா ஊட்டில் விட்டுவிட்டுப் போனாள். பாக்கியநாதனின் சொந்தப் பிள்ளைகள் ஷெர்வினும் ஷீனாவும் சேர்ந்தால் நாலு பேர். ஏற்காட்டில் மலர்க் கண்காட்சி ஆரம்பித்துவிட்டது. ஏரிக்கரைப் பூங்காவில் பூவாலேயே யானை செய்து நிறுத்தியிருக்கிறார்களாம். பிள்ளைகள் குதித்தார்கள். பாக்கியநாதன் அவர்களை உட்காரவைத்துத் திட்டத்தை விளக்கினார். முதலில் பூ. பிறகு பூ யானை. பிறகு ரோஜாத் தோட்டம், செடிகளின் பெயர்ப்பலகைகளைச் சத்தமாக வாசித்தல், சாப்பாடு, ஓய்வு. ஊஞ்சல்? நேரம் இருந்தால். சறுக்கு? நேரம் இருந்தால். ஐஸ்கிரீம்? பார்க்கலாம், அதாவது நேரம் இருந்தாலும் கிடையாது.

உங்களுக்குத் தெரிந்த தளபதிகளைக் கவனித்துப் பாருங்கள். பிள்ளைகள் எதற்காகப் பூங்காவுக்கு வர ஆசைப்படுகிறார்களோ, அது எப்போதும் அந்த 'நேரம் இருந்தால்' என்ற குழிக்குள்தான் விழும்.

ஐந்து வயது ஷீனாவுக்குப் பூவும் வேண்டாம், யானையும் வேண்டாம். ஊஞ்சல் ஒன்றுதான் வேண்டும். ஊஞ்சல் எவ்வளவு உயரம் போகும், மேலே போகும்போது ஏரி தெரியுமா, ஏரியில் போகும் படகுக்காரருக்குக் கை காட்டினால் அவர் திரும்பக் காட்டுவாரா என்றெல்லாம் அவள் அந்த வாரம் முழுக்க அம்மாவைக் கேட்டுக்கொண்டே இருந்தாள். அப்பாவைக் கேட்கவில்லை. அப்பாவிடம் கேட்டால் திட்டத்தை முதலிலிருந்து சொல்லுவார்.

பஸ்ஸை விட்டு இறங்கியபோதே மலையை மஞ்சு என்னும் பனிமூட்டம் மூடியிருந்தது. டிக்கெட் வாங்குவதற்குள் தூறல் விழுந்தது. மே மாத மழையைத் தளபதி எதிர்பார்க்கவில்லை, ஆனால் தளபதி அசருவாரா? வாசலில் ஒரு தள்ளுவண்டிக்காரர் தலையை மூடும் பிளாஸ்டிக் மழைக்கோட்டு விற்றுக்கொண்டிருந்தார். மஞ்சள் நிறம்தான் இருந்தது. பாக்கியநாதனுக்கு அது நொம்பப் பிடித்துவிட்டது, நாலு வாங்கிப் பிள்ளைகளுக்கு மாட்டினார். மஞ்சுக்குள்ளும் பளிச்சென்று தெரியும், ஒரு பிள்ளையும் தப்ப முடியாது என்று மனைவியிடம் பெருமையாகச் சொன்னார். தள்ளுவண்டிக்காரரிடம் அன்றைக்கு வேறு நிறமே கிடையாது என்பதும், பூங்காவுக்குள் போன பிள்ளைகளில் பாதிப்பேர் அவரிடம்தான் வாங்கினார்கள் என்பதும் பாக்கியநாதனுக்கு அப்போது உறைக்கவில்லை.

உள்ளே போனதும் கூரை போட்ட ஒரு மண்டபத்தைத் தேர்ந்தெடுத்து, இடம் பிடித்து வைக்கும் பொறுப்பை ஜெயமேரிக்குக் கொடுத்தார். எலுமிச்சஞ்சோற்றுத் தூக்கோடு அவளை அங்கே காவல் வைத்துவிட்டு, பிள்ளைகளை உயரப்படி நிறுத்தினார். ஒவ்வொருவரும் முன்னால் போகிறவரின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொள்ள வேண்டும். வரிசையில் பேச்சு கூடாது. கேள்வி இருந்தால் கடைசியில் கேட்கலாம். இப்படிச் சட்டங்களைச் சொல்லிவிட்டு, எல்லாத் தளபதிகளையும் போல, அவர் முன்னால் நடந்தார்.

படை நடந்தது. புல்லில் கால் வைக்காதே என்ற பலகையை ஷெர்வின் வாசித்தான். பூவைத் தொடாதே என்ற பலகையை மரியா வாசித்தாள். ஆசிர் எழுத்துக்கூட்டி வாசித்தது ஓர் உரக் கம்பெனி விளம்பரம். அதையும் தளபதி பாராட்டினார். டேலியாவைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். ரோஜாவைப் பார்த்தார்கள், நகர்ந்தார்கள். ஷீனா நகரும்போதெல்லாம் கழுத்தை மட்டும் திருப்பி, தூரத்தில் மஞ்சுக்குள் போய்ப்போய் வரும் ஊஞ்சல் கம்பியைப் பார்த்தாள். அவ்வப்போது பாக்கியநாதன் திரும்பிப் பார்த்தார். நாலு மஞ்சள் தலைகள். சரி.

பூ யானையிடம்தான் கூட்டம் நெரிந்தது. சேலத்திலிருந்து வந்த பஸ்கள் மொத்தமும் அந்த யானையைச் சுற்றித்தான் நின்றன. ஆளாளுக்கு செல்லைத் தூக்கிப் படம் எடுத்தார்கள். பாக்கியநாதன், யானையில் எத்தனை வகைப் பூ இருக்கிறது என்று பிள்ளைகளுக்கு விளக்கிவிட்டு, எஸ்டேட் குரலில் "வாங்க, போலாம்" என்றார். படை யானையை விட்டுக் கிளம்பியது. திரும்பிப் பார்த்தார். நாலு மஞ்சள் தலைகள். சரி.

ரோஜாத் தோட்டத்தை இரண்டாவது சுற்று சுற்றும்போது மரியா, "பெரியப்பா" என்று கூப்பிட்டாள். கேள்வி கடைசியில் என்றார். கொஞ்ச தூரம் போனதும் மறுபடி கூப்பிட்டாள். வரிசைச் சட்டத்தை நினைவுபடுத்தினார். மரியா அடங்கிவிட்டாள். நல்ல பிள்ளை என்று மனசுக்குள் மெச்சிக்கொண்டார். கடைசியில் வந்த சின்ன மஞ்சள் கோட்டு அன்றைக்கு ஒருமுறைகூடச் சிணுங்கவில்லை, ஊஞ்சல் என்று வாய் திறக்கவில்லை. நடக்க நடக்கப் பிள்ளைக்கு ஒழுங்கு வந்துவிட்டது, பூங்காவால் எவ்வளவு நன்மை என்று நினைத்தபடியே மண்டபத்துக்கு வந்து சேர்ந்தார்.

ஜெயமேரி தட்டுகளை எடுத்து வைத்துவிட்டு, ஈரம் துடைப்பதற்காகக் கடைசிப் பிள்ளையின் கோட்டுத் தலைமூடியைப் பின்னால் தள்ளினாள். தள்ளியவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, இது யாரூட்டுப் புள்ளைங்க?"

பாக்கியநாதன் சிரித்தார். மனைவி வேடிக்கை பேசுகிறாள் என்று நினைத்தார். பிறகு குனிந்து பார்த்தார். இரட்டைச் சடை போட்டு, மூக்கு நுனி சிவந்து, பெரிய கண்களோடு ஒரு பெண் குழந்தை எலுமிச்சஞ்சோற்றைப் பார்த்துக்கொண்டிருந்தது. ஷீனாவின் வயதுதான். ஷீனா இல்லை.

ஷெர்வினைப் பார்த்தார். அவன் நிதானமாகச் சொன்னான், யானையைத் தாண்டினதிலிருந்து இந்தப் பாப்பாதான் வருகிறது என்று. ஏண்டா சொல்லவில்லை என்று கேட்டதற்கு, "வரிசையில பேசக் கூடாதுன்னு நீங்கதானுங்கப்பா சொன்னீங்க" என்றான். மரியா பெரியப்பாவையே பார்த்தாள்.

வரிசைச் சட்டம் முழு வெற்றி. ஒருவரும் மீறவில்லை.

பாக்கியநாதன் மண்டபத்துக்கு வெளியே எட்டிப் பார்த்தார். பூங்காவுக்குப் பக்கத்திலேயே ரோடு, ரோட்டுக்கு அந்தப் பக்கம் ஏரி. எங்கே திரும்பினாலும் மஞ்சு. ஜெயமேரி அவரைத் திட்டவில்லை. திட்டியிருந்தால் கொஞ்சம் தேவலையாக இருந்திருக்கும். அந்தக் குழந்தையை இடுப்பில் தூக்கிக்கொண்டு, மற்ற மூன்று பேரையும் கையைக் கோத்து வரச்சொல்லி, வாசலுக்குப் பக்கத்தில் இருந்த மைக் கூடத்தை நோக்கி நடந்தாள். தளபதி பின்னால் ஓடினார்.

மைக் கூடத்தில் ஒரு பெண் போலீஸ் உட்கார்ந்திருந்தார். பாப்பா என்ன உடுத்தியிருந்தது என்று கேட்டார்.

"மஞ்சக் கோட்டுங்க" என்றார் பாக்கியநாதன்.

அந்தம்மா ஜன்னலை நன்றாகத் திறந்துவிட்டார். வெளியே சரிவு முழுக்க, சாமந்திப் பாத்தி எழுந்து ஓடுவதுபோல, மஞ்சள் கோட்டுகள் ஓடின, உருண்டன, விழுந்தன, எழுந்தன. கோட்டுக்குள்ளே என்ன உடை என்று அவர் மறுபடி கேட்டார். பாக்கியநாதன் வாயைத் திறந்தார். எந்த பஸ் எங்கே நிற்கும் என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். யானையில் என்னென்ன பூ என்று கேட்டிருந்தால் சொல்லியிருப்பார். அன்று காலை தன் முன்னால் வந்து நின்ற ஷீனாவின் சட்டையைக் கண்ணை மூடித் தேடினார். மஞ்சளைத் தவிர ஒன்றும் தெரியவில்லை.

"பச்சைப் பாவாடை, வெள்ளைச் சட்டைங்க" என்றாள் ஜெயமேரி. "கழுத்துப் பொத்தான் மட்டும் சிவப்பு. நாந்தான் தெச்சேன்."

இடுப்பில் இருந்த குழந்தையைப் போலீஸம்மா விசாரித்தார். பெயர் ஹரிணி. ஊர் சேலம். அப்பா பெயர் வசந்த். ஏன் சாமி இவங்களோட வந்தே என்று கேட்டதற்கு, அந்த மாமா வா என்றார், வந்தேன் என்றது. அந்தக் குரலைக் கேட்டு வராமல் இருக்க முடியுமா என்பதுபோல எல்லாரும் தலையாட்டினார்கள். இரண்டு பெயரும் ஒலிபெருக்கியில் போயின. ஹரிணி என்ற குழந்தை இங்கே இருக்கிறது; ஷீனா என்ற குழந்தையைக் கண்டவர்கள் இங்கே வரவும்.

கொஞ்ச நேரத்தில் மிளகாய் பஜ்ஜிப் பொட்டலம் ஒன்றை நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஒரு பெண் ஓடிவந்தாள். ஹரிணியின் அம்மா மேகலா. அவளையும் அவள் வீட்டுக்காரர் வாசலுக்கு வெளியே பஜ்ஜி வரிசையில் காவல் வைத்திருந்தார். மகளை வாங்கி, கன்னத்தைத் தடவி, அப்பாவோடுதானே இருந்தாய் என்று கேட்டபடியே செல்லை எடுத்துக் கணவனைக் கூப்பிட்டாள். எதிர்ப்பக்கம் பேசியது கூடத்தில் எல்லாருக்கும் கேட்டது. மைக்கில் சொன்னதைத் தானும் கேட்டதாகவும், நம் ஹரிணி பெயரிலேயே இன்னொரு பிள்ளை தொலைந்திருக்கிறது, எப்படித்தான் இவ்வளவு பொறுப்பில்லாமல் இருக்கிறார்களோ என்றும் வசந்த் வருத்தப்பட்டார். நீ கவலைப்படாதே, நம் பிள்ளை என் கண்ணெதிரேதான் இருக்கிறாள், ஊஞ்சலில் உட்காரவைத்துப் படம் எடுத்துக்கொண்டிருக்கிறேன் என்றார்.

மேகலா இடுப்பில் இருந்த மகளை ஒருமுறை பார்த்துக்கொண்டாள்.

"ஹரிணி எங்கிட்ட இருக்கறாளுங்க. ஊஞ்சல்ல இருக்கறது யாருங்க?"

செல்லில் 'ஐயோ' என்று ஒரு சத்தம் கேட்டது. ஆனால் பாக்கியநாதன் அதற்கு முன்பே கிளம்பிவிட்டார். ஊஞ்சல் என்ற வார்த்தை காதில் விழுந்ததுமே அங்கே இருப்பது யார் என்று அவருக்குத் தெரிந்துவிட்டது. பாதையைச் சுற்றிப் போக அவருக்குப் பொறுமை இல்லை. புல்லின்மேல் ஓடினார், பாத்தியைத் தாண்டினார், டேலியா ஒன்று காலில் மிதிபட்டது, பலகைகள் ஒவ்வொன்றாக அவரைத் தடுத்தன, ஒன்றையும் வாசிக்கவில்லை.

ஊஞ்சல் மஞ்சைக் கிழித்துக்கொண்டு மேலே போயிற்று. தலைமூடி பின்னால் விழுந்து, முடி பறந்து, வாய் நிறையச் சிரித்துக்கொண்டு ஷீனா வந்தாள், போனாள், வந்தாள். எதிரே வசந்த் செல்லைக் காதில் வைத்தபடி வெளிறிப்போய் நின்றார்.

இந்த வசந்தைப் பற்றியும் ஒரு வார்த்தை சொல்ல வேண்டும். சேலத்தில் ஃபிளெக்ஸ் பேனர் அடிக்கும் கடை வைத்திருக்கிறார். தளபதி ரகத்திலேயே படமெடுக்கும் பிரிவைச் சேர்ந்தவர். அடுத்த வாரம் ஹரிணியின் பிறந்தநாளுக்குத் தெருமுனையில் கட்டப்போகும் பேனருக்காகத்தான் மலையேறி வந்திருந்தார். அவர் பிள்ளையைப் பார்ப்பதில்லை, வெளிச்சத்தைப் பார்ப்பார். யானையிடம் பாக்கியநாதன் குரல் கொடுத்த அதே நேரத்தில் இவரும் செல்லைப் பார்த்துக்கொண்டே, "வா, ஊஞ்சல்ல ஒண்ணு எடுக்கலாம்" என்றிருக்கிறார். ஊஞ்சல் என்று கேட்ட மஞ்சள் கோட்டு இவர் பின்னால் போயிற்று. அதட்டலுக்குப் பழகாத மஞ்சள் கோட்டு ஆசிரின் கோட்டு நுனியைப் பிடித்துக்கொண்டது. அவ்வளவுதான் நடந்தது. இன்னும் கொஞ்சம் விட்டிருந்தால் ஷீனாவுக்குச் சேலத்தில் இனிய பிறந்தநாள் வாழ்த்து கட்டியிருப்பார்கள்.

அப்பாவைப் பார்த்ததும் ஷீனாவின் சிரிப்பு நின்றது. காலைத் தரையில் தேய்த்து ஊஞ்சலை நிறுத்தினாள். இறங்கி, தலைமூடியைத் தானே இழுத்துவிட்டுக்கொண்டு, அப்பாவுக்குப் பின்னால் வந்து நின்றாள்.

"வரிசைக்கு வந்துட்டனுங்கப்பா."

பாக்கியநாதன் அவள் பக்கம் திரும்பினார். ஈரப் புல்லில் முழங்கால் போட்டு உட்கார்ந்து அவள் தலைமூடியை எடுத்துவிட்டார். சிவப்புப் பொத்தானைப் பார்த்தார். பயந்துவிட்டாயா கண்ணு என்று கேட்டார். அவள் இல்லை என்றாள். அந்த மாமா நொம்ப நல்லவர், ஏறு என்றார், ஏறினேன், இன்னொரு தடவை என்றார், இன்னொரு தடவை ஏறினேன், வேறு ஒன்றுமே சொல்லவில்லை என்றாள். இவ்வளவு நல்ல மனிதரை அவள் பார்த்ததில்லை என்பது முகத்திலேயே தெரிந்தது.

"அப்பா ஆட்டட்டுமா கண்ணு?"

ஷீனா யோசித்தாள். "நேரம் இருந்தா ஆட்டுங்க."

ஆட்டினார். ஏரி தெரிகிறதா என்று கேட்டார். மஞ்சுதான் தெரிகிறது என்று அவள் மேலிருந்து கத்தினாள். அதைச் சொல்வதற்கும் ஒரு சிரிப்பு. இன்னும் உயரமாக ஆட்டினார். மூச்சிரைக்க வந்து சேர்ந்த ஜெயமேரி, மகளைப் பார்த்துவிட்டு அங்கேயே கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள். அப்போதுதான் அவளுக்குக் கண் கலங்கியது.

இத்தோடு பாக்கியநாதன் திருந்திவிட்டார் என்றுதானே நினைக்கிறீர்கள்? தளபதியை அவ்வளவு லேசாக எடை போடாதீர்கள்.

ஊஞ்சலுக்கு ஏங்கி நின்ற மற்றப் பிள்ளைகள் தள்ளுமுள்ளு செய்தார்கள். மகளை ஆட்டிக்கொண்டே அவர் அதைப் பார்த்தார். பார்க்காமல் இருக்க எவ்வளவோ முயன்றார். கடைசியில் கை தானாக ஊஞ்சலை விட்டது, விரல் தானாக நீண்டது. "உயரப்படி நில்லுங்க" என்ற குரல் எழுந்ததும், யார் பெற்றதென்றே தெரியாத பிள்ளைகள் எல்லாம் சறுக்குமரம் வரைக்கும் ஒரே கோடாக நின்றுவிட்டார்கள். வசந்த் உடனே அந்த வரிசையின் பக்கவாட்டுக்குப் போய், எல்லாரையும் சிரிக்கச் சொன்னார்.

மண்டபத்தில் இரண்டு குடும்பமும் ஒன்றாகச் சாப்பிட்டது. ஹரிணி எலுமிச்சஞ்சோறு இரண்டாம் முறை வாங்கினாள். பஜ்ஜி ஆறிப்போயிருந்தாலும் ஒன்றும் மிஞ்சவில்லை. தப்பு யார் பேரில் என்று தளபதிகள் இருவரும் கொஞ்ச நேரம் மரியாதையாக வாதாடினார்கள். தப்பு மழைக்கோட்டுக்காரர் பேரில் என்று முடிவானது. நிறம் மாற்றி மாற்றி விற்க வேண்டாமா? அதில் ஒருவர்மேல் ஒருவருக்குப் பெரிய மதிப்பு பிறந்துவிட்டது. அடுத்த தடவை இரண்டு குடும்பமும் சேர்ந்தே வருவதென்றும், அதற்கு இன்னும் கெட்டியான திட்டம் வேண்டுமென்றும், முதலில் பாதைகளைப் பிரித்துக்கொள்ள வேண்டுமென்றும், ஒருவர் முன்னாலும் ஒருவர் பின்னாலும் வரவேண்டுமென்றும் ஆரம்பித்தார்கள்.

ஜெயமேரியும் மேகலாவும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொண்டார்கள். பைகளைக் கொஞ்சம் பார்த்துக்கொள்ளச் சொல்லி, ஐந்து பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு மெதுவாக எழுந்து போனார்கள். தளபதிகள் கவனிக்கவில்லை. பின்படை யார் என்ற சிக்கலில் இருந்தார்கள்.

சறுக்கில் தலைகீழாக வந்தார்கள். சேற்றில் உட்கார்ந்தார்கள். ஆசிர் ஒரு தவளையைக் கண்டுபிடித்தான், மரியா அதற்குப் பெயர் வைத்தாள், ஷெர்வின் அதைக் கோட்டுத் தலைமூடிக்குள் வைத்துக்கொண்டு அது எங்கே என்று எல்லாரோடும் சேர்ந்து தேடினான். மஞ்சு கொஞ்சம் விலகியபோது ஷீனா ஊஞ்சலின் உச்சியிலிருந்து ஏரியைப் பார்த்துவிட்டாள். படகில் யாரோ இருந்தார்கள். இவள் கை காட்டினாள். அவர்கள் திரும்பக் காட்டினார்களா என்று தெரியவில்லை, காட்டினார்கள் என்றுதான் அவள் சொல்கிறாள்.

திரும்பும் பஸ்ஸில் சேறும் ஈரமுமாகப் பிள்ளைகள் ஒருவர்மேல் ஒருவர் சாய்ந்து கிடந்தார்கள். எப்படி இருந்தது என்று பாக்கியநாதன் கேட்டார். நொம்ப ஜாலி என்று நாலு பேரும் தூக்கத்திலேயே சொன்னார்கள். பாக்கியநாதன் மனைவியைத் திருப்தியோடு பார்த்து, எல்லாம் திட்டம் போட்டுக் கூட்டிவந்ததால்தான் என்றார். ஜெயமேரி ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டாள். அவள் தோள் குலுங்கியது. குளிர் என்று அவர் நினைத்துக்கொண்டு தன் துண்டைப் போர்த்திவிட்டார்.

நீங்கள் சிரிக்கிறீர்கள். நாம் இப்படியெல்லாம் இல்லையப்பா என்ற நிம்மதிச் சிரிப்பு அது. நல்லது. ஆனால் இதைப் படிக்க ஆரம்பித்ததிலிருந்து உங்கள் பக்கத்தில் ஒரு பிள்ளை பந்தோடு நிற்கிறது, இரண்டு தடவை உங்களைக் கூப்பிட்டுவிட்டது. நீங்களும், தலையைத் தூக்காமல், 'இரு சாமி, இதோ முடிச்சுட்டேன்' என்று இரண்டு தடவை சொல்லிவிட்டீர்கள். எழுந்து போங்கள். ஒன்று மட்டும்: முன்னால் நடக்காதீர்கள். அது எங்கே கூட்டிக்கொண்டு போகிறதோ, பின்னாலேயே போங்கள்.